வெறும் நீரும் விருந்தாகும்

விருந்து என்னும் தமிழ்ச்சொல் இன்று நமக்கு உணவையே நினைவூட்டுகின்றது. ஆனால் பழந்தமிழில் அச்சொல்லின் முதற்பொருள் புதுமை என்பதாகும். பின்னர் அது வீட்டுக்குப் புதிதாக வந்தவரைக் குறித்தது. அவருக்குப் படைக்கப்படும் உணவுக்கு அப்பெயர் வந்தது அதற்கும் பின்னரேயாகும். திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். அதற்கு முன்னே அன்புடைமையும் பின்னே இனியவை கூறலும் நிற்கின்றன. உள்ளத்து அன்பு ஒருபுறம், வாயிலிருந்து வரும் இன்சொல் மறுபுறம், இரண்டுக்கும் நடுவே வீட்டு வாசலைத் திறக்கும் செயல் என இவ்வைப்பை நாம் விளங்கிக்கொள்ளலாம். மனிதரை மனிதர் தம் வீட்டுக்குள் ஏற்றுக்கொள்வதே விருந்து. உணவு அதற்கு ஒரு துணை மாத்திரமே.

இந்தக் கருத்தைத் தனது நாட்காட்டியிலேயே பதித்து வைத்திருக்கும் ஒரு சமயம் உண்டு. டில்லியில் 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தாமரைக் கோயில் மூலம் நம்மிற் பலர் அறிந்திருக்கும் பஹாய் சமயமே அது. இலங்கையில் பஹாய்கள் மிகச் சிறு தொகையினர். அவர்களுக்கான தேசிய சபை 1962ஆம் ஆண்டில் அமைந்த போதிலும், பெருஞ்சமயங்களைப் பின்பற்றுவோரிற் பெரும்பாலானோர் அவர்களைப் பற்றி அதிகம் அறிந்ததில்லை. அத்தகையதொரு சமூகத்தின் வழக்கத்தை இங்கு எடுத்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என மூவினத்தவரும், நான்கு பெருஞ்சமயத்தவரும் அடுத்தடுத்து வாழும் மாத்தளை போன்றதொரு மாவட்டத்தில், யார் வீட்டில் யார் உண்பது என்பது வெறும் குடும்ப விவகாரமன்று. அது சமூக அமைதியோடு நேரடியாகத் தொடர்புடைய கேள்வியாகும்.

நாட்காட்டியில் பதிந்த கடமை

பஹாய் நாட்காட்டியில் ஆண்டுக்கு 19 மாதங்கள். மாதத்துக்கு 19 நாட்கள். இவை சேர்ந்து 361 நாட்கள் ஆகின்றன. எஞ்சும் நான்கு அல்லது ஐந்து நாட்கள், உபசரிப்புக்கும் வறியோருக்கு உதவுவதற்குமான இடைநாட்களாகக் கொண்டாடப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து வரும் கடைசி மாதம் நோன்பு மாதம். மார்ச் மாதத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளோடு புத்தாண்டு பிறக்கின்றது. ஒவ்வொரு மாதமும் பிறக்கும்போது அந்தந்த ஊரிலுள்ள பஹாய்கள் ஒன்றுகூடுகின்றனர். இதுவே பத்தொன்பது நாள் விருந்து எனப்படுகின்றது.

இவ்வழக்கத்தின் வித்து, 1844ஆம் ஆண்டில் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில் தமது பணியைத் தொடங்கிய பாப் அவர்களின் போதனையில் உள்ளது. பத்தொன்பது நாட்களுக்கு ஒருமுறை பத்தொன்பது பேரை அழைத்து உபசரிக்குமாறு அவர் பணித்தார். பஹாய் சமயத்தின் நிறுவுநரான பஹாவுல்லா, 1873ஆம் ஆண்டளவில் அக்கா நகரில் அருளிய கித்தாப்-இ-அக்தாஸ் என்னும் சட்டநூலில் இதனை உறுதிப்படுத்தினார். அங்கே அவர் வைத்த நிபந்தனைதான் நமது கவனத்துக்குரியது. கொடுப்பதற்குத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லையென்றாலும் அந்த விருந்தை அளித்தல் வேண்டும் என்பதே அது. வசதி இல்லை என்ற காரணத்தால் விருந்தளிக்கும் பேற்றை எவரும் இழந்துவிடக் கூடாது என்பது இதன் உட்கிடை.

பின்னர் பஹாவுல்லாவின் புதல்வரான அப்துல் பஹா இவ்விருந்தைக் கூட்டு வழிபாட்டுடன் இணைத்து வளர்த்தார். அவருக்குப் பின்வந்த ஷோகி எபென்டியின் காலத்தில் அது இன்றைய வடிவத்தைப் பெற்றது. இன்று அதற்கு மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது பிரார்த்தனையும் திருநூல் வாசிப்பும். இரண்டாவது ஊர்ச் சமூகத்தின் காரியங்கள் பற்றிய கலந்தாலோசனை. மூன்றாவது உணவும் உரையாடலும்.

இச்சமயத்தில் குருமார் இல்லை. ஒன்பது பேரைக் கொண்ட உள்ளூர்ச் சபையொன்று ஆண்டுதோறும் ஏப்ரலில் இரகசிய வாக்கெடுப்பின் மூலம் தெரிவு செய்யப்படுகின்றது. வேட்பாளரும் இல்லை, பிரசாரமும் இல்லை. அந்தச் சபை தனது வரவு செலவையும் திட்டங்களையும் மக்கள் முன் வைக்கும் இடமும், எளிய உறுப்பினர் ஒருவர் எழுந்து தமது ஆலோசனையைக் கூறும் இடமும் இவ்விருந்தேயாகும். சிறுவர்களும் இளைஞர்களும் கூட அங்கு அமர்ந்திருப்பர்.

இந்த வரிசை ஆழ்ந்து நோக்கத்தக்கது. கருத்து வேறுபாடு எழக்கூடிய கலந்தாலோசனை முதலில் நடைபெறுகின்றது. உணவு அதன் பின்னரே வருகின்றது. சற்று முன்னர் தமது யோசனையை மறுத்துரைத்தவரின் கையிலிருந்தே ஒருவர் சோற்றுத் தட்டை வாங்க நேரிடுகின்றது. நமது ஊர்ச் சங்கங்களிலும் ஆலய பரிபாலன சபைகளிலும் கூட்டம் முடிந்ததும் இரு அணிகளாகப் பிரிந்து வெளியேறி, படலையடியில் நின்று மற்ற அணியைத் தூற்றுவது வழக்கமாகிவிட்ட காட்சி. விவாதத்துக்கும் வீடு திரும்புதலுக்கும் இடையில் ஓர் உணவு வேளையை வைத்திருப்பதன் பயன் இதனை எண்ணும்போது தெளிவாகும்.

தீட்டு என்னும் சுவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரசீகத்தில் வேற்றுச் சமயத்தவரைத் தூய்மையற்றோர் எனக் கருதும் எண்ணம் வேரூன்றியிருந்தது. யூதர், கிறிஸ்தவர், ஜொராஸ்திரியர் ஆகியோர் தொட்ட உணவையும் நீரையும் பலர் ஏற்பதில்லை. மனிதர் எவரையும் தூய்மையற்றவர் எனக் கொள்ளும் அந்தக் கருத்தையே பஹாவுல்லா தமது சட்டநூலில் நீக்கினார். எல்லாச் சமயத்தவருடனும் நட்புறவோடு பழகுமாறும் பணித்தார். ஆகவே இவ்விருந்தை இனிமையான சமூக வழக்கம் என்று மாத்திரம் கொள்வது பொருந்தாது. தீட்டுக்கு எதிரான ஒரு சட்டத்தின் நடைமுறை வடிவமாகவும் அது விளங்குகின்றது.

அப்துல் பஹாவின் வாழ்வில் இதற்குச் சான்றுகள் உண்டு. அக்கா நகரில் அவர் கைதியாக இருந்த காலத்தில், அவரது உணவு மேசையில் கிழக்கையும் மேற்கையும் சேர்ந்த பலர் அமர்ந்தனர். லோரா கிளிபர்ட் பார்னி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904 தொடக்கம் 1906 வரையான காலத்தில் பகலுணவு வேளைகளில் அவரிடம் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு அவர் அளித்த விடைகளும் 1908இல் நூலாக வெளிவந்தன. ஒரு சமயத்தின் முக்கிய விளக்கநூலொன்று சோற்று மேசையிலிருந்து பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி வாஷிங்டனில் நடந்ததும் நினைவுகூரத்தக்கது. பாரசீகத் தூதரகப் பொறுப்பாளரான அலி குலி கான் அப்துல் பஹாவுக்குப் பகல் விருந்தொன்றை அளித்தார். கறுப்பின வழக்கறிஞரான லூயிஸ் கிரெகரி அன்று அவரைச் சந்திக்க வந்திருந்தார். ஆனால் விருந்துக்கு அழைக்கப்பட்டோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் அமராத காலம் அது. அப்துல் பஹா கிரெகரியை அழைப்பித்து, மேசையில் இருக்கைகளை மாற்றியமைத்து, தமது வலப்பக்கத்தில் அமர்த்தினார். அன்று அவர் இனவேற்றுமை பற்றிப் பிரசங்கம் செய்திருந்தால் அதனை எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பர் என்பது ஐயமே. நகர்த்தப்பட்ட ஒரு நாற்காலி நூறாண்டுகளுக்குப் பின்னரும் பேசப்படுகின்றது.

இவை எங்கோ நடந்தவை என நாம் ஒதுக்கிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் 1920களின் இறுதியில் பாடசாலைகளில் சமஆசனம், சமபோசனம் என்ற கோரிக்கைகள் எழுந்தபோது அவை சந்தித்த எதிர்ப்பை நமது வரலாறு பதிவு செய்துள்ளது. பின்னர் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகவும் போராட வேண்டியிருந்தது. ஒரு கோப்பைத் தேநீரைச் சமமாகப் பருகும் உரிமைக்கே போராட்டம் தேவைப்பட்ட சமூகம் நமது சமூகம். 1867இல் வடலூரில் வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலை, சாதி சமயம் பாராது பசித்தவர்க்கு உணவளிக்கும் மரபை நமக்குக் காட்டிற்று. ஆயினும் அன்னதானத்துக்கும் பத்தொன்பது நாள் விருந்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்னதானத்தில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர். வெசாக் தன்சலும் பள்ளிவாசற் கந்தூரியும் பெரும்பாலும் இவ்வாறே. பத்தொன்பது நாள் விருந்திலோ இன்று கொடுப்பவர் அடுத்த மாதம் பெறுபவர் ஆகின்றார். கொடுப்பதை விடப் பெறுவது பலருக்குக் கடினமானது. பிறர் வீட்டுப் பாயில் அமர்ந்து அவர் சமைத்ததை உண்பதற்கு, தன்னை அவருக்குச் சமமாக எண்ணும் மனம் வேண்டும்.

தோட்டம் என்ற ஒரு சொல்

மாத்தளையின் வீட்டுத்தோட்டம் இத்தகைய விருந்துக்கென்றே அமைந்தது போன்றது. கண்டிய வீட்டுத்தோட்டம் என ஆய்வாளர்கள் குறிப்பிடும் பல அடுக்குத் தோட்டமுறைக்கு இம்மாவட்டம் பேர்பெற்றது. மேலடுக்கில் தென்னை, கமுகு, பலா. நடுவடுக்கில் கராம்பு, சாதிக்காய். மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடி. அவற்றின் நிழலில் கோப்பியும் கொக்கோவும். நிலத்தோடு இஞ்சி, மஞ்சள், கிழங்கு வகைகள், வல்லாரை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் அமைந்திருப்பதும், நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியின் இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் காணப்படுவதும் தற்செயலானவை அல்ல.

இம்மண்ணில் ஒரு குடும்பத்துக்கு விருந்தளிக்கும் முறை வரும்போது சந்தைக்கு ஓடவேண்டிய தேவை அதிகமில்லை. பலாக்காய்க் கறி, அவித்த மரவள்ளிக் கிழங்கு, அதற்குத் தேங்காய்ச் சம்பல், வல்லாரைச் சுண்டல், ஈரப்பலாக்காய், முருங்கையிலைச் சொதி என்பனவெல்லாம் வேலிக்குள்ளேயே கிடைப்பவை. இதில் வேறொரு வசதியும் உண்டு. இறைச்சி என்று வந்தால் ஒவ்வொரு சமயத்தவருக்கும் ஒவ்வொரு விலக்கு உண்டு. மாட்டிறைச்சியை விலக்குவோர், ஹலால் அல்லாததை விலக்குவோர், வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மாத்திரம் உண்போர் என நமது அயலவர்கள் பலதிறப்பட்டோர். பலாக்காயிலோ கீரையிலோ எவருக்கும் பிணக்கில்லை. பஹாய் சமயம் புலாலைத் தடை செய்யவில்லை. மதுவைத் தடை செய்கின்றது. எனினும் கலப்பு அயலில் தோட்டத்து மரக்கறி உணவே எல்லோரையும் ஒரே பந்தியில் அமர்த்தவல்லது.

ஆனால் இங்கு ஓர் உண்மையை மறைத்துவிட முடியாது. மாத்தளையில் தோட்டம் என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உள்ளன. ஒருவருக்கு அது தம் வீட்டைச் சூழ்ந்த வளவு. மற்றொருவருக்கு அது தாம் உழைக்கும் பெருந்தோட்டம். அதில் ஓரடி நிலமும் அவருக்குச் சொந்தமில்லை. தலைமன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளர், மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளையை வந்தடைந்த வரலாறு நாம் அறிந்ததே. அந்தப் பயணத்தை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 தொடக்கம் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் ஒன்றும் இடம்பெற்றது. லயன் அறையில் வாழும் குடும்பத்துக்கு விருந்தினரை அமர்த்த ஒரு திண்ணை உண்டா? பலா நடுவதற்கு ஒரு மூலை உண்டா? நிலவுரிமைக் கோரிக்கையைப் பெரும்பாலும் நாம் பொருளாதாரக் கோரிக்கையாகவே பேசுகின்றோம். அது விருந்தோம்பும் உரிமைக்கான கோரிக்கையும் ஆகும். ஒருவரை வாழ்நாள் முழுதும் பெறுபவராகவே வைத்திருப்பது அவரது மானத்தைக் குறைப்பதாகும்.

வெறும் நீரையும் விருந்தாக ஏற்கும் அந்தப் பழைய விதியின் அருமை இவ்விடத்திலேயே புலப்படுகின்றது. பத்துக் கறி வைக்கும் வளவுக்காரரும் ஒரு குவளை வெறுந்தேநீர் தரும் லயன் குடும்பத்தினரும் ஒரே மதிப்புள்ள விருந்தளிப்போர் என அது கூறுகின்றது. இவ்விதி நிலவுரிமைக்கு மாற்றீடு ஆகிவிடாது. ஆயினும் நிலம் கிடைக்கும் வரை மானம் காத்திருக்க வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் இதனை நமக்கு உணர்த்திற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கவும் அதே ஆண்டு ஜூனில் அமைச்சரவை தீர்மானித்தது. நெருக்கடி வந்தபோது பலாமரமும் மரவள்ளியும் எத்தனை குடும்பங்களைத் தாங்கின என்பதைக் கிராமங்கள் மறந்திரா. ஆனால் அவசரத்தில் நட்ட செடி அவசரம் தீர்ந்ததும் வாடிவிடுகின்றது. விளைந்ததைப் பகிர்ந்துண்ணும் ஒரு வழக்கம் இருக்கும் அயலிலேயே தோட்டம் நிலைத்து நிற்கும்.

உணவின் வழியே நுழையும் ஐயம்

நமது நாட்டில் இனப்பகை எந்த வழியால் வீட்டுக்குள் நுழைகின்றது என்பதைச் சிந்திப்போமாக. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவோடு மலட்டு மருந்து கலக்கப்பட்டதாக வதந்தி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் காணப்பட்டது மாவுக்கட்டியே எனப் பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் தெரிவித்தார். உண்மை வெளிவருமுன்னர் சேதம் நிகழ்ந்துவிட்டது. அடுத்த மாதமே மாத்தளைக்கு அயலிலுள்ள கண்டி மாவட்டத்தில் திகன உள்ளிட்ட பகுதிகள் பற்றியெரிந்தன. நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மாத்தளை நகரும் இத்தகைய தீயை அறியாததன்று. 1983இல் முத்துமாரியம்மன் ஆலயத்தின் பகுதிகள் எரியூட்டப்பட்டதை அது கண்டது.

உணவில் நஞ்சு உண்டு என்ற வதந்தியை மக்கள் ஏன் இத்தனை எளிதில் நம்பினர்? உணவகத்தில் பணம் கொடுத்து உண்பதோடு உறவு முடிந்துவிடுகின்றது. சமையலறையை அவர்கள் கண்டதில்லை. சமைத்தவரின் பிள்ளைகளை அறிந்ததில்லை. ஒரு குடும்பத்தின் அடுப்படியைக் கண்டவர், அவ்வீட்டுச் சிறுவர்களோடு ஒரே சட்டியிலிருந்து உண்டவர், அத்தகைய கதையைக் கேட்டதும் சிரித்துவிடுவார். வதந்திக்கு எதிரான மிக வலிய அரண் அறிக்கையன்று, பழகிய அடுப்பே.

நமது பண்டிகைகளில் உணவுப் பரிமாற்றம் இல்லாமலில்லை. தைப்பொங்கலன்று பொங்கலும், சித்திரைப் புத்தாண்டில் பாற்சோறும் கொக்கிஸும், நோன்புப் பெருநாளில் வட்டிலப்பமும், நத்தாரில் கேக்கும் அயல் வீடுகளுக்குச் செல்கின்றன. போற்றத்தக்க வழக்கமே. ஆனால் வேலிக்கு மேலாகத் தட்டுச் செல்கின்றது; மனிதர் செல்வதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை செல்லும் தட்டு நல்லெண்ணத்தைக் காட்டும். அடிக்கடி நிகழும் சந்திப்பே நம்பிக்கையை வளர்க்கும். பத்தொன்பது நாள் என்ற இடைவெளியின் பயன் இங்கேதான் உள்ளது. ஒரு மனத்தாங்கல் முற்றிப் பகையாவதற்கு முன்னர் அடுத்த சந்திப்பு வந்துவிடுகின்றது.

சில எச்சரிக்கைகள்

இவ்வழக்கத்தைப் புகழும்போது அதன் எல்லைகளையும் கூறுவது முறை. பத்தொன்பது நாள் விருந்து அடிப்படையில் பஹாய் சமூகத்தின் உள்ளகக் கூட்டமாகும். வேற்றுச் சமயத்தவர் வந்தால் வரவேற்கப்படுவர். எனினும் சமூகத்தின் உள்விடயங்கள் அவர் முன் முழுமையாக ஆராயப்படுவதில்லை. அனைவருக்கும் திறந்தவையாக இருப்பன வீடுகளில் நடைபெறும் பிரார்த்தனைக் கூட்டங்களும் சிறுவர் வகுப்புகளும் இளைஞர் நிகழ்ச்சிகளுமாகும். தம்மவரோடு தாம் உண்பது எந்தச் சமூகத்துக்கும் எளிது. வாசல் அயலவருக்கும் திறக்கப்படுகின்றதா என்பதே பஹாய்கள் உட்பட நம் அனைவருக்குமான சோதனை.

மற்றொன்று, சமையலறை பற்றியது. நமது வீடுகளில் விருந்தோம்பலின் புகழ் ஆணுக்கும் புகை பெண்ணுக்கும் உரியதாக இருந்து வருகின்றது. கலந்தாலோசனை நடக்கும்போது பெண்கள் அடுப்படியில் நின்றால், ஆண் பெண் சமத்துவத்தைத் தனது அடிப்படைக் கோட்பாடாகக் கொண்ட இச்சமயத்தின் விருந்துக்கே பொருளின்றிப் போய்விடும். எளிய உணவு என்ற விதிக்கு இதனால் இன்னொரு நியாயமும் உண்டு. கறிகள் குறையக் குறைய, பந்தியில் அமரும் பெண்களின் தொகை கூடும். ஆடம்பரப் போட்டி நுழைந்துவிட்டால் அடுத்த முறைக்குரிய ஏழை வீட்டார் ஏதேனும் சாக்குக் கூறி ஒதுங்கிக்கொள்வர். திருமண வீடுகளில் நாம் கண்டுவருவது இதுவன்றோ?

எந்தச் சமயத்தவரும் தம் சமயத்தை மாற்றிக்கொள்ளாமலேயே இவ்வழக்கத்திலிருந்து கற்றுக்கொள்ள இடமுண்டு. கிராம அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என ஒவ்வொரு கிராமசேவையாளர் பிரிவிலும் கலப்பு அமைப்புகள் உள்ளன. அவற்றின் மாதாந்தக் கூட்டத்தைப் பொது மண்டபத்திலிருந்து உறுப்பினர் வீடுகளுக்கு முறைவைத்து மாற்றினால் என்ன? இம்மாதம் பள்ளிவாசலுக்கு அருகேயுள்ள வீடு, அடுத்த மாதம் விகாரைக்கு அருகேயுள்ள வீடு, அதற்கடுத்த மாதம் லயன் அறை. கூட்டம் முடிந்ததும் வளவிலே விளைந்தது ஏதேனும் ஒன்று. அதுவும் இல்லையெனில் ஒரு குவளை நீர். இதற்கு அரச நிதி வேண்டியதில்லை, சுற்றறிக்கையும் வேண்டியதில்லை.

நல்லிணக்கம் என்ற பெயரில் ஆணைக்குழுக்களையும் அலுவலகங்களையும் நாம் கண்டுவிட்டோம். அவை அவசியமானவையே. எனினும் அயலவரின் கையால் ஒரு குவளை நீரை வாங்கிப் பருக மனமில்லாதோரிடையே எந்த அறிக்கையும் இணக்கத்தை உண்டாக்கிவிடப் போவதில்லை.